நாற்காலியை விட்டு எழுந்ததும் படுத்துவிட்ட படம்

ஹாலி பெர்ரி நடித்த ‘தி கால்’ (2013) படத்தின் முதல் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மார்க் வேண்டுமானாலும் போடலாம். லாஸ் ஏஞ்சல்ஸில் 911 (அமெரிக்காவின் அவசர உதவி எண்) அழைப்புகளை எடுக்கிற பெண் அவர். மால் பார்க்கிங்கில் கடத்தப்பட்டு கார் டிக்கிக்குள் கிடக்கும் ஒரு பெண்ணிடமிருந்து போன் வருகிறது, அதுவும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாத ப்ரீபெய்டு போனிலிருந்து. டெயில் லைட்டை உடை, ஓட்டை வழியே கையை ஆட்டு, பெயிண்ட்டை ரோட்டில் ஊற்று என்று இவர் வழி சொல்லச் சொல்ல அவள் செய்வதும், போலீஸ் வண்டியைத் தவறவிடுவதும்... நகம் கடிக்காமல் பார்க்க முடியாது. கதாநாயகிக்குக் குரல் மட்டும்தான் ஆயுதம், படத்தின் மொத்த பலமே அதுதான்.

சரி, அதையே தூக்கிப் போட்டுவிட்டு கடைசியில் அம்மணி தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கடத்தல்காரனைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்! போலீஸ் தேடிவிட்டுப் போன இடத்தில் இவர் கண்ணில் மட்டும் பாதாள அறை படுகிறது, போன் வேறு கைநழுவி உள்ளே விழுந்துவிடுகிறது (எழுதியவருக்கு அவசரம் போல). வில்லனுக்கு ஒரு தங்கச்சி கதை, அப்புறம் அவனுக்கு இவரும் கடத்தப்பட்ட பெண்ணும் கொடுக்கிற தண்டனை. அதுவரை பார்த்த கதாநாயகி கேரக்டருக்கு அது கொஞ்சமும் ஒட்டவே இல்லை. டிக்கிக்குள் கிடந்த அபிகெய்ல் ப்ரெஸ்லின் மட்டும் கடைசி வரை நடிப்பில் குறை வைக்கவில்லை.