வாசனை தேடி வளர்க்கிற கெஸ்னீரியாட் – என் நாட்குறிப்பு

பிப்ரவரி 11
ஆப்பிரிக்கன் வயலட்டே அலமாரி பூரா நிறைஞ்சு கிடக்கு, பூ இல்லாத நாளே கிடையாது, ஆனா மூக்கை கிட்ட கொண்டு போனா ஒண்ணுமே இல்ல. வயலட் சேர்ந்த இந்த கெஸ்னீரியாட் செடிக் குடும்பத்துல 3000 இனத்துக்கு மேல இருக்கு, அதுல வாசனையுள்ளது ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துல ரெண்டு என்கிட்ட இருக்கு, சின்னிஞ்சியா டியூபிஃப்ளோராவும் சின்னிஞ்சியா கான்ஸ்பிக்குவாவும், இந்த வருஷம் ரெண்டையும் பூக்க வச்சே தீரணும்.

சின்னிஞ்சியா டியூபிஃப்ளோரா தொட்டிய இன்னிக்கு கவுத்தேன். வச்சது ஒரே ஒரு கிழங்கு, இப்போ எண்ணிப் பார்த்தா 14! சரம் கட்டின மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டு கோலிக்குண்டு சைஸுல. பிரிச்சு வைக்க கை துறுதுறுனு வந்துச்சு, ஆனா இது நெருக்கி இருந்தாத்தான் நல்லா பூக்கும்னு சொல்வாங்க, அதனால எல்லாத்தையும் திரும்ப அதே தொட்டியில போட்டுட்டேன்.

மார்ச் 22
சின்னிஞ்சியா கான்ஸ்பிக்குவா கிழங்கு ஒரு பக்கம் அழுகிடுச்சு. தப்பு என்னுதுதான், முளையே வராதப்போ தண்ணி ஊத்திட்டே இருந்தேன், இலை இல்லாத கிழங்கு எவ்வளவு தண்ணி குடிக்கும்? அமுக்கினா பொதபொதன்னு விரல் உள்ள போகுது. கத்திய ஸ்பிரிட்ல துடைச்சு, கெட்டியான சதை தெரியற வரைக்கும் சீவி எடுத்து காத்தாட வச்சிருக்கேன். நல்லா காய்ஞ்சதும் பெர்லைட் (தண்ணி தேங்காம இருக்க மண்ணுல கலக்கிற வெள்ளைத் துகள்) நிறைய கலந்த மண்ணுல வைக்கணும். பிழைச்சுடணும்.

மே 4
டியூபிஃப்ளோரா முழங்கை உயரம் வந்தாச்சு. போன வருஷம் இதை வயலட் கூடவே டியூப்லைட் அடியில வச்சேன், இலையா தள்ளுச்சே தவிர ஒரு மொட்டு கிடையாது. இதுக்கு நேர் வெயில் வேணும். ஒரேயடியா வெளிய வச்சா இலை கருகிடும்ங்கிறதால ஒரு வாரமா தினமும் கொஞ்சம் கொஞ்சமா நேரம் கூட்டி இன்னிக்குத்தான் முழுசா வெயிலுக்கு விட்டேன்.

ஜூன் 9
கான்ஸ்பிக்குவா பூத்துடுச்சு!! பாதி கிழங்குல இருந்து. வெளிர் மஞ்சள், தொண்டைக்குள்ள ஊதாக் கோடு. எலுமிச்சை வாசனை, காலையில கிட்ட போனாலே தெரியுது.

ஜூன் 15
குளோக்ஸினியாவுக்கு வாசனை உண்டான்னு ஒரு நண்பர் கேட்டார். கடையில அந்தப் பேர்ல விக்கிறது சின்னிஞ்சியா ஸ்பெசியோசா, 1817ல அதுக்கு குளோக்ஸினியான்னு பேர் வச்சாங்க, அப்புறம் சின்னிஞ்சியா பேரினத்துக்கு மாத்தின பிறகும் பழைய பேர் ஒட்டிக்கிச்சு. அதுல வாசனைய எதிர்பார்க்க வேண்டாம். நிஜ குளோக்ஸினியா பெரென்னிஸ் வேற, அது புதினா மாதிரி மணக்கும், அந்த வாசனைய சேகரிக்கவே ஆண் ஆர்க்கிட் தேனீங்க அதைத் தேடி வரும். அடுத்து அதைத்தான் வாங்கணும்.

ஜூலை 18
டியூபிஃப்ளோராவுல முதல் பூ. சுத்த வெள்ளை, விரல் நீளத்துக்கு குழல், நுனியில மட்டும் விரிஞ்சு நிக்குது. மத்தியானம் மோந்து பார்த்தப்போ லேசாத்தான் இருந்துச்சு, மனசு கொஞ்சம் விட்டுப் போச்சு. சாயங்காலம் இருட்டினதும் கதவைத் திறக்கிறேன், எங்கிருந்து வருதுன்னு ஒரு நிமிஷம் புரியவே இல்ல, அப்படி ஒரு இனிப்பு வாசனை. ராத்திரி திரியற அந்துப்பூச்சிக்காக இருக்கிற பூ இது, நீளமான குழலும் வெள்ளை நிறமும் அதுக்குத்தான்.

9 மணிக்கு மறுபடி போனேன், இன்னும் இருந்துச்சு. தண்டுல இன்னும் 11 மொட்டு, கீழ இருந்து மேல ஒவ்வொண்ணா விரியும்.