ஆறு டெசிபல்

காதுக்குள் 'கொய்ங்' என்று ஒரு ஒலி கேட்கத் தொடங்கியபோது எனக்கு வயது 22. முதல் நாள் இரவு அது எனக்குள்ளிருந்து வருகிறது என்று தோன்றவே இல்லை. படுக்கையிலிருந்து எழுந்து கைப்பேசியின் சார்ஜரைப் பிடுங்கினேன், குளிர்சாதனப் பெட்டியின் மீது காதை வைத்துப் பார்த்தேன், கடைசியில் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு இருட்டில் அறையின் நடுவில் நின்றேன். ஒவ்வொன்றாக அணைக்க அணைக்க அந்த ஒலி தெளிவாகிக்கொண்டே போனது. இரண்டு காதுகளையும் விரல்களால் அடைத்துக்கொண்டபோது மற்றதெல்லாம் ஓய்ந்து, அது மட்டும் மிச்சமிருந்தது.

இரைச்சல் மிகுந்த இசை நிகழ்ச்சிக்குப் போய் வந்தால் ஓரிரு நாள் காது அடைத்தாற்போல் இருந்து, இரைந்து, தானே அடங்கிவிடும் என்பது என் வயதினர் பலருக்கும் பழக்கமான அனுபவம். அப்படித்தான் இதுவும் என்று நாட்களை எண்ணிக்கொண்டிருந்த நான், மூன்றாவது வாரம் முடிந்த பிறகுதான் காது மருத்துவரிடம் போனேன். அவர் உள்ளே பார்த்துவிட்டு, அழுக்கு ஏதும் அடைத்திருக்கவில்லை, செவிப்பறையும் நன்றாக இருக்கிறது என்றார். "இந்த வயசுல உங்களுக்கு வர வேண்டியதில்லையே" என்று அவர் சொன்னது ஆறுதலுக்காகத்தான் என்றாலும், வரிசையை மீறி முன்னால் போய் நின்றவனைப் போல எனக்குக் கூச்சமாகிவிட்டது. டின்னிட்டஸ் எனப்படும் காது இரைச்சல் முதியவர்களின் சங்கதி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் தன் காதுகள் இரவும் பகலும் இரைகின்றன என்று இசைமேதை பீத்தோவன் 1801-இல் நண்பர் வேகெலருக்குக் கடிதம் எழுதியபோது அவருக்கு வயது 30தான்.

பிறகு செவித்திறன் சோதனை. ஒலி புகாத சிறிய அறையில் உட்காரவைத்து, தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, எவ்வளவு மெல்லியதாகக் கேட்டாலும் அழுத்த வேண்டும் என்றார்கள். 250 ஹெர்ட்ஸில் தொடங்கி 8000 ஹெர்ட்ஸ் வரை போகும் சோதனை அது. உயர்ந்த சுருதிகள் வந்ததும் எனக்குத் திண்டாட்டமாகிவிட்டது. கேட்பது கருவியின் ஒலியா, என்னுடையதா என்று பிரித்தறிய முடியாமல், பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்தபடி அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்த ஆய்வாளர் காரணத்தை விசாரித்துவிட்டு, ஒலி விட்டுவிட்டு வரும்படி மாற்றி அமைத்தார். என்னுடையது இழுத்துக்கொண்டே போகும், கருவியுடையது துடித்துத் துடித்து வரும். அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாக முடித்தேன்.

அறிக்கையில் 'இயல்பு நிலை' என்று இருந்தது. மகிழ்ந்திருக்க வேண்டிய நான், பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனைப் போல உணர்ந்தேன். அந்த உணர்விலிருந்து வெளிவர எனக்கு உதவியது ஒரு எலி ஆய்வு என்றால் சிரிப்பாக இருக்கலாம். ஷரோன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இருவர் 2009-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், பேரிரைச்சலுக்கு உட்படுத்தப்பட்ட எலிகளின் செவித்திறன் சில நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் ஒலியை உணரும் உட்செவியின் மயிரணுக்களையும் செவி நரம்பையும் இணைக்கும் இடங்களில் பல மீளாமல் அழிந்துபோயிருந்தன. அதாவது, வழக்கமான சோதனையில் தேறிவிடும் காதுக்குள்ளும் பழுது இருக்கக்கூடும். என் காதில் நடந்தது இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பல ஆண்டுகளாக நள்ளிரவு வரை இயர்போனைச் செருகிக்கொண்டே படித்தவன் நான்.

காதிலிருந்து வரும் தகவல் குறையும்போது மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது என்பதும், நிலையம் சரியாகக் கிடைக்காத வானொலியில் ஒலியளவைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடுவதைப் போல, அப்போது நரம்புகளின் சொந்த முணுமுணுப்பே ஒலியாகக் கேட்கத் தொடங்குகிறது என்பதும் பலராலும் ஏற்கப்படும் விளக்கம்.

இன்னொரு முறை போனபோது, என் ஒலியைப் போலவே ஒன்றைக் கருவியில் எழுப்பி அதன் அளவைக் கணக்கிட்டார்கள். சுருதி 6000 ஹெர்ட்ஸை ஒட்டி இருந்தது. ஒலியின் அளவு, எனக்குக் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியைவிட 6 டெசிபல் அதிகம். அவ்வளவுதான். தூக்கத்தைக் கெடுத்து, நூலகத்தின் அமைதியைக் கண்டு அஞ்சி ஓட வைத்து, தேர்வு அறையில் ஒரே பத்தியை நான்கு முறை படிக்க வைத்த ஒன்று, இலைகள் அசையும் ஓசையைவிடவும் மெல்லியது என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. உண்மையைச் சொன்னால் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஒரு பெரிய எண் வந்திருந்தால் அதை நாலு பேரிடம் காட்டியிருக்கலாம். பெரும்பாலானோருக்கு அளவு இப்படிச் சிறியதாகத்தான் வரும் என்றும், ஒருவர் படும் அவதிக்கும் இந்த எண்ணுக்கும் பெரிய தொடர்பில்லை என்றும் ஆய்வாளர் விளக்கினார்.

அதன் பிறகுதான் நான் நாள் முழுவதும் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதைக் கவனித்தேன். விழித்தவுடன் கண்ணைத் திறப்பதற்கு முன்பே, 'இருக்கிறதா?' என்று காதுக்குள் எட்டிப் பார்த்தேன். குளியலறையிலிருந்து வெளியே வந்ததும் பார்த்தேன், பேருந்தை விட்டு இறங்கியதும் பார்த்தேன். காவல்காரன் மணிக்கு ஒருமுறை சுற்றிவருவதைப் போல நானே அதைச் சுற்றிவந்துகொண்டிருந்தேன். "எனக்கும்கூட சில நேரம் கேட்கும்டா" என்று நண்பன் ஒருவன் சொன்னபோது எரிச்சல் வந்தது. ஆனால் 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் செவித்திறன் குறையில்லாத 80 பேரை ஒலி புகாத அறையில் உட்காரவைத்துக் கேட்டபோது, அவர்களில் 94 சதவீதத்தினர் ஏதோவொரு ஒலி கேட்டதாகச் சொன்னார்களாம். நண்பன் பொய் சொல்லவில்லை. அவன் அந்த ஒலியைக் காவல் காக்கவில்லை, அவ்வளவே.

இந்த ஒலியை அடியோடு நீக்கும் மருந்து என்று எதுவும் இன்னும் நிலைநாட்டப்படவில்லை. இணையத்தில் விற்கப்படும் சொட்டு மருந்துகளையும் மாத்திரைகளையும் பற்றி இதற்கு மேல் எழுதி என் பொழுதைப் போக்க விரும்பவில்லை. ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலித்தாலோ, திடீரென்று காது மந்தமானாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். எனக்குப் பயன்பட்டது, எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பேசி மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. இரவில் மழையோசையை ஓடவிடுவதையும் பழகிக்கொண்டேன். முதலில் நான் அதை என் ஒலி மூழ்கிப்போகும் அளவுக்கு உரக்க வைத்தேன், நிறுத்தியதும் கொய்ங் மீண்டும் முகத்தில் அறைந்தது. இப்போது இரண்டும் சேர்ந்து கேட்கும் அளவுக்குத்தான் வைக்கிறேன்.

நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் பல மணி நேரம் அதன் நினைவே இல்லாமல் கழிகிறது. அம்மாதான் இன்னமும் வாரத்துக்கு ஒருமுறையாவது, "இப்போ கேக்குதாப்பா?" என்று கேட்பார். அவர் கேட்கும்வரை எனக்குக் கேட்டிருக்காது, அவர் கேட்ட கணத்தில் கேட்கத் தொடங்கிவிடும். இதை அவரிடம் விளக்கினால், தன்னால்தான் கேட்கிறதோ என்று வருந்துவார் என்பதால், "இல்லம்மா" என்று சொல்லிவிட்டு மின்விசிறியின் வேகத்தை ஒரு புள்ளி கூட்டி வைக்கிறேன்.