'திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது

வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று அழைக்கிற எந்தத் திட்டத்தையும் எடைபோட எனக்கு ஒரே ஒரு கேள்விதான் முதன்மையானது. அழைக்கிறவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? நாம் செய்து கொடுக்கும் பொருளை விற்று அவர் சம்பாதிக்கிறாரா, அல்லது நாம் சேரும்போது கட்டும் பணமே அவருடைய வருமானமா? சான்றிதழ், அலுவலகம், சேர்ந்தவர்களின் பேட்டி எல்லாவற்றையும் இதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊர்ப் பேருந்துகளிலும் சுவர்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் அதிகம் காணப்படுவது இயந்திரம் விற்கும் திட்டங்கள்தான். பஞ்சுத் திரி, ஊதுபத்தி, கற்பூரம், காகிதத் தட்டு என்று பொருள் மாறும், வாசகம் மாறாது. இயந்திரத்தை நீங்கள் வாங்க வேண்டும், மூலப்பொருளை நாங்கள் தருவோம், செய்த சரக்கை நாங்களே எடுத்துக்கொள்வோம், விற்பனையைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். வீட்டை விட்டு வெளியே போய் விற்க இயலாத பெண்களுக்குக் கடைசி வாக்கியம்தான் பெரிய ஆறுதல். ஆனால் ஒரு தொழிலில் கடினமான பகுதியே விற்பனைதான். அதை ஒருவர் இலவசமாக ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால், அதற்கான விலை இயந்திரத்தின் மேல் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அதே இயந்திரத்துக்கு வேறு உற்பத்தியாளர்கள் இருவரிடமாவது விலை கேட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இத்தகைய பிரசுரங்களில் வருகிற மாதிரியில், பஞ்சுத் திரிக்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இயந்திரம் 45,000 ரூபாய். நூல் கிலோ 200 ரூபாய்க்குத் தருவார்கள். திரியைக் கிலோ 300 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வார்கள். நாளுக்கு 6 கிலோ, மாதம் 25 நாள் என்றால் 150 கிலோ; கிலோவுக்கு 100 ரூபாய் வீதம் 15,000 ரூபாய். பிரசுரம் இந்த இடத்தில் நின்றுவிடும். சமையலும் பிள்ளைகளும் மின்தடையும் உள்ள ஒரு வீட்டில், நூல் அறுந்து அறுந்து ஓடும் இயந்திரத்தில், நாளுக்கு 4 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 100 கிலோ நூலுக்கு 20,000 ரூபாய் கட்டுகிறோம். ஐந்து விழுக்காடு கழிவு போனால் 95 கிலோ திரி. அதில் பத்து கிலோவைத் தரமில்லை என்று ஒதுக்கினால் மீதி 85 கிலோவுக்கு 25,500 ரூபாய். லாரி புக்கிங் செலவு போகவர 1,500, மின்சாரம் 500. கையில் நிற்பது 3,500 ரூபாய். நாளுக்கு ஆறு மணி நேரம் உழைத்தால் மணிக்கு 23 ரூபாய் சொச்சம். இயந்திரத்துக்குப் போட்ட பணத்தை எடுக்கவே ஓராண்டுக்கு மேல் ஆகும். சரக்கு போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்துத்தான் பணம் என்றால், அடுத்த மாத நூலுக்கு இன்னொரு 20,000 ரூபாயை நாமே புரட்ட வேண்டும். யாரும் யாரையும் ஏமாற்றாத நிலையிலேயே கணக்கு இப்படித்தான் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அண்ணி ஒரு முறை இப்படியோர் ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொண்டுவந்தார். முத்திரைத்தாளில் அழகாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. இயந்திரத்துக்கான தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது என்று ஒரு பிரிவு. தரத்தைப் பொறுத்தவரை நிறுவனத்தின் முடிவே இறுதியானது என்று இன்னொரு பிரிவு. எது தரம் என்பதற்கு நீளமோ எடையோ நிறமோ எங்கும் குறிக்கப்படவில்லை. சரக்கை எடுத்த எத்தனை நாளில் பணம் தருவார்கள் என்பதும் இல்லை. இந்த இரண்டையும் எழுத்தில் சேர்த்துத் தரும்படி கேட்கச் சொன்னேன். தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னவர்கள், அதற்குப் பிறகு சலுகை விலை இந்த வாரத்தோடு முடிகிறது என்று மட்டுமே அழைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு வேண்டிய பதில் அதிலேயே இருந்தது.

அப்படியே அவர்கள் எழுதிக் கொடுத்தாலும், அந்தச் சரக்கு கடைசியில் யார் கைக்குப் போகிறது என்று விசாரிக்காமல் விடக்கூடாது. மதுரை கீழமாசி வீதி போன்ற மொத்த வணிகத் தெருவுக்கு ஒரு நாள் போய், பூஜைப் பொருள் விற்பவரிடம் திரி என்ன விலைக்குக் கொள்முதல் செய்கிறார் என்று கேளுங்கள். நிறுவனம் நமக்குத் தருவதாகச் சொல்லும் 300 ரூபாயைவிடக் குறைவாகவே சந்தையில் சரக்கு கிடைக்கிறது என்றால், அந்த நிறுவனம் நம்மிடம் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. வாங்குவதாகச் சொல்வது இயந்திரத்தை விற்பதற்காக மட்டும்தான்.

கொங்கு மண்டலத்து ஈமு கோழித் திட்டங்கள் 2012ஆம் ஆண்டில் சரிந்ததை நாம் இவ்வளவு சீக்கிரம் மறந்திருக்கக் கூடாது. ஒன்றரை இலட்சம் ரூபாய் கட்டினால் ஆறு குஞ்சுகள், கொட்டகை, தீவனம், அதற்கு மேல் மாதம் 6,000 ரூபாய், முடிவில் கட்டிய தொகையும் திரும்ப வரும் என்றார்கள். ஆண்டுக்கு 72,000 ரூபாய் என்றால் முதலீட்டில் 48 விழுக்காடு. இவ்வளவையும் ஈட்டித் தர வேண்டிய ஈமு இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் உள்ளூர்ச் சந்தையே உருவாகியிருக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவரின் பணம்தான் பழையவருக்கு மாதப் பணமாகப் போனது. முன்பே சேர்ந்த பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு மாதாமாதம் பணம் வந்ததைப் பார்த்துத்தான் மற்றவர்களும் நம்பினார்கள். அதனால்தான், ஏற்கெனவே சேர்ந்தவருக்குப் பணம் வருகிறது என்பதை நான் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும்.

'ஐடி போட்டாச்சா?', அதாவது உறுப்பினராகச் சேர்ந்தாச்சா, என்று உறவினர்கள் மூலமாக வரும் சங்கிலித்தொடர் வணிகத்துக்கும் இதே கேள்விதான். ஆள் சேர்ப்பதிலிருந்து வருமானம் வரும் திட்டங்களை 1978ஆம் ஆண்டின் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டமும், 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளும் தடை செய்கின்றன. கீழே ஒருவரையும் சேர்க்காமல், பொருளை மட்டும் அக்கம்பக்கத்தில் விற்றால் மாதம் என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் விலகிவிடலாம். கைப்பேசியில் வரும் 'லைக் போட்டால் பணம்', பதிவுக் கட்டணம் கேட்கும் டேட்டா என்ட்ரி வேலை ஆகியவற்றைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. வேலை கொடுப்பவர் நம்மிடம் பணம் கேட்கக் கூடாது.

ஆவணங்களைக் காட்டி மயக்குவதும் உண்டு. 'மத்திய அரசிடம் பதிவு பெற்றது' என்று கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருப்பது பெரும்பாலும் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுச் சான்றிதழ்தான். அதை எவரும் கட்டணமின்றி, சுய அறிவிப்பின் பேரில், இணையத்தில் பெற்றுவிடலாம். அரசு அந்தத் தொழிலைச் சோதித்துப் பார்த்தது என்று அதற்குப் பொருள் இல்லை. பிரைவேட் லிமிடெட் என்பதும் அப்படியே: கம்பெனிகள் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தபட்ச மூலதனம் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. பயனுள்ளது ஜிஎஸ்டி எண். ஜிஎஸ்டி இணையதளத்தில் எண்ணை இட்டால், பதிவு எந்த நாளில் ஆனது, இப்போது நடப்பில் உள்ளதா, கணக்குத் தாக்கல் ஒழுங்காக நடக்கிறதா என்பதெல்லாம் தெரியும். 'இருபது ஆண்டு அனுபவம்' என்று பலகை வைத்த நிறுவனத்தின் பதிவு சென்ற ஆண்டுதான் நடந்திருக்கிறது என்றால், ஏன் என்று கேட்பதில் தவறே இல்லை. வீட்டு மின் இணைப்பில் தொழில் இயந்திரம் ஓட்டினால் எந்தக் கட்டண வகையில் வரும் என்பதையும் உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். எந்தப் பிரசுரத்திலும் இதை எழுத மாட்டார்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் தொழிலுக்காக வாங்கிய இயந்திரம்தானே, நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்று எண்ணிச் சும்மா இருந்துவிடுகிறார்கள். அது சரியல்ல. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிறவரை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. கொடுத்த தொகை 5 இலட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் வழக்குக்கான காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். இணையவழியில் ஏமாந்தவர்கள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே, முடிந்தால் அந்த மணி நேரத்துக்குள்ளேயே அழைக்க வேண்டும். டெபாசிட் வாங்கித் திருப்பித் தராதவர்கள் மேல் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் செய்யலாம். எங்கே போனாலும் ரசீது, ஒப்பந்தம், வங்கிப் பரிமாற்ற விவரம், அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றைக் கேட்பார்கள்; எதையும் அழிக்காமல், ரொக்கமாகக் கொடுத்த தொகைக்கும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.