வந்தாளா, போனாளா: சிறுகதையில் பார்வைக் கோணம்

சிறுகதை எழுத உட்காருபவர்கள் கரு, பாத்திரம், களம் எல்லாவற்றையும் யோசித்துவிடுகிறார்கள். யாருடைய கண்வழியாகச் சொல்வது என்பதை மட்டும் எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நிறையக் கதைகள் சறுக்குவது அங்கேதான்.

இதைப் பாருங்கள்:

முருகேசன் கதவைத் தட்டினான். கோமதி எரிச்சலோடு எழுந்து, பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு தாழ்ப்பாளை நீக்கினாள். குடித்துவிட்டு வந்திருப்பானோ என்று நினைத்தாள்.

முதல் வாக்கியத்தில் முருகேசனோடு வாசலில் நிற்கிறோம். அடுத்ததில் சுவரைத் தாண்டி உள்ளே போய்விட்டோம். கதவு திறக்கும்வரை அவனுக்கிருந்த தவிப்பு நமக்கு வந்து சேரவில்லை. அவனோடே நின்று எழுதினால்:

முருகேசன் கதவைத் தட்டினான். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. தாழ்ப்பாள் விலக நேரமாயிற்று. திறந்தவளின் கை ஈரமாக இருந்தது. வழிவிடாமல் அவன் முகத்தருகே வந்து மூச்சை இழுத்தாள்.

எரிச்சல், சந்தேகம் என்ற சொற்களே இல்லை. இரண்டும் இருக்கின்றன.

தமிழில் கோணத்தைக் காட்டிக்கொடுப்பவை சின்னச் சின்னச் சொற்கள். முக்கியமானது வா, போ. முருகேசன் திண்ணையில் இருக்கும் காட்சியில் ‘கோமதி அடுக்களைக்குள் வந்தாள்’ என்று எழுதினால் கதைசொல்லி அடுக்களையில் நிற்கிறார் என்று அர்த்தம். ‘போனாள்’ என்றால்தான் நாம் திண்ணையில் இருக்கிறோம். அவன், அவர் விஷயமும் அப்படியே. மகள் பார்வையில் நடக்கும் கதையில் ‘அப்பா வந்தார்’ என்று தொடங்கி, நடுவில் ‘முருகேசன் சிரித்தான்’ என்று வந்தால் அந்த இடத்தில் மகள் காணாமல் போய்விடுகிறாள்.

அடுத்தது ‘தன்’. ‘முருகேசன் அவன் அண்ணனைத் தேடினான்’ என்றால் யார் அண்ணன் என்ற குழப்பம் வரும். ‘தன் அண்ணனை’ என்றால் தீர்ந்தது. ஆனால் ‘கோமதி தன்னை ஏமாற்றிக்கொள்கிறாள் என்று முருகேசன் நினைத்தான்’ என்பதில் ‘தன்னை’ கோமதியைத்தான் சுட்டுகிறது. ஏமாறுவது முருகேசன் என்றால் ‘கோமதி என்னை ஏமாற்றுகிறாள் என்று நினைத்தான்’ என்று எழுதுவதே தெளிவு. நாம் பேசுவதும் அப்படித்தான்.

தன்மையில் சொன்னால் இந்தத் தொல்லை குறையும், வேறு கட்டுப்பாடு வரும்: ‘நான்’ இல்லாத இடத்தில் நடந்ததைச் சொல்ல முடியாது. வ.வே.சு. ஐயர் 1915-இல் எழுதிய ‘குளத்தங்கரை அரசமரம்’ கதையைச் சொல்வது மரமே. நகர முடியாத அந்தக் கதைசொல்லிக்குச் சேதி கிடைக்க வேண்டுமானால் பாத்திரங்கள் கரைக்கு வந்து பேசியாக வேண்டும். கோணமே களத்தையும் முடிவுசெய்துவிடுகிறது, பாருங்கள்.

படர்க்கையில் எழுதுபவர்கள் முதல் வரைவு முடிந்ததும் பென்சிலோடு உட்காருங்கள். நினைத்தான், உணர்ந்தாள், தோன்றியது என வரும் இடங்களை எல்லாம் வட்டமிட்டு, ஒவ்வொன்றும் யார் மனம் என்று ஓரத்தில் எழுதுங்கள். 1,500 சொல் கதையில் இரண்டு பெயர் வந்தால் ஒருவரை எடுத்துவிட முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் ஒரு வரி இடைவெளி விட்டு, புதிய பகுதியின் முதல் இரண்டு வாக்கியத்துக்குள் அந்த ஆளின் பெயரைக் கொண்டுவாருங்கள். மிஞ்சுவது ஒரே மனமென்றால், வட்டமிட்ட ‘என்று நினைத்தான்’களில் பாதியை அடித்துவிடலாம். ‘இவள் இன்னும் சாப்பிடவில்லை போலிருக்கிறது’ என்று மட்டும் இருந்தாலே, நினைப்பது முருகேசன் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும்.