சாப்பாட்டு மேசை நாற்காலிக்கு மெத்தை

நாற்காலிகள் எல்லாவற்றுக்கும் மெத்தை தைத்தாயிற்று. கடையில் சொன்ன விலைக்கு இன்னொரு நாற்காலியே வாங்கலாம் போலிருந்தது, அதான் நானே மிஷினில் உட்கார்ந்துவிட்டேன்.

மேலுறைக்கு சென்னிமலை போர்வை. கெட்டிப் பருத்தி, கட்டம் போட்டது. சாம்பார் சிந்தினாலும் சட்டென்று தெரியாது. வெட்டும் முன் ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிடுங்கள், இல்லையென்றால் முதல் சலவையிலேயே சுருங்கிவிடும்.

இருக்கை சதுரம் என்று நம்பாதீர்கள். முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். செய்தித்தாளை விரித்து ஓரத்தை விரலால் அழுத்தி மடித்தால் அளவு அப்படியே வந்துவிடும். தையலுக்குச் சுற்றிலும் அரை அங்குலம் விட்டால் போதும்.

உள்ளே காடா துணிப் பையில் இலவம்பஞ்சு. ஸ்பாஞ்ச் வெயிலுக்குச் சூடேறும் என்பது என் கட்சி. பஞ்சு அடைக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், தும்மித் தீராது! மூலைக்கு ஓடாமலிருக்க, மெத்தைக்காரர்கள் செய்வதுபோல் கோணி ஊசியால் அங்கங்கே குத்தி, நூலை இறுக்கி முடிச்சுப் போட்டேன். மேலுறைக்கு ஜிப் இல்லை. தலையணை உறை மாதிரி பின்னால் மடிப்பு. கழற்றித் துவைக்கலாம். அப்புறம் பின்கால்களில் கட்ட இரண்டு நாடா.

மிச்சத் துணியில் ஊஞ்சலுக்கும் ஒன்று வேண்டுமாம். அத்தை இப்போதே சொல்லிவிட்டார்.