குதிரை எவ்வளவு தாங்கும்? பயிற்சிப் பள்ளிகளின் எடை வரம்புக் கணக்கு

இங்கிலாந்தில் ஒரு குதிரையேற்றப் பள்ளிக்கு போன் போட்டு முதல் வகுப்புக்குப் பெயர் கொடுத்தால் வயது, உயரம், முன்அனுபவம் கேட்டுவிட்டு அடுத்து எடையைக் கேட்பார்கள். பதிலை ஸ்டோனில் எதிர்பார்ப்பார்கள். ஒரு ஸ்டோன் 6.35 கிலோ. பல பள்ளிகளின் வரம்பு 12 ஸ்டோனுக்கும் (76 கிலோ) 15 ஸ்டோனுக்கும் (95 கிலோ) இடையில் எங்காவது நிற்கும். எண்ணைச் சொல்வார்களே தவிர, அது எப்படி வந்தது என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். அதனால் கேட்பவருக்குத் தன் உடம்பைப் பற்றிய தீர்ப்பு மாதிரி அது படுகிறது. உண்மையில் அந்த எண் லாயத்தில் கட்டியிருக்கும் குதிரைகளைப் பற்றியது. பள்ளியில் இருக்கும் பெரிய குதிரை 500 கிலோ என்றால் பள்ளியின் வரம்பும் அதோடு முடிந்தது.

எல்லோரும் சொல்லும் விதி 20 சதவீதம். குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமக்கலாம் என்பது 1920-இலேயே அமெரிக்கக் குதிரைப்படையின் பராமரிப்புக் கையேட்டில் இருந்த அளவு. 2008-இல் ஒஹாயோவில் எட்டுக் குதிரைகள் மேல் 15, 20, 25, 30 சதவீதச் சுமைகளை ஏற்றி 45 நிமிடம் வேலை வாங்கிப் பார்த்தார்கள். 20 வரை பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 25-இலும் 30-இலும் இதயத்துடிப்பு ஏறியது, தசைகளில் வலியும் இறுக்கமும் கூடின. அதனால் 20 என்பது வெறும் வழக்கம் அல்ல, பின்னால் கொஞ்சம் அளவீடும் இருக்கிறது. ஆனால் இந்த 20-ஐப் பயன்படுத்தும்போது மூன்று இடங்களில் தவறு நடக்கிறது.

முதல் தவறு, சேணத்தை மறப்பது. அந்த 20-க்குள் ஏறுபவர் மட்டும் இல்லை, குதிரை முதுகில் ஏறும் எல்லாமே அடக்கம். தோல் சேணம், அங்கவடிகள், வயிற்று வார், அடித்துணி, கடிவாளம் சேர்த்து 9, 10 கிலோ. பூட்ஸ், ஹெல்மெட், மார்புக் கவசம், ஜீன்ஸ் இன்னொரு 2, 3 கிலோ. மொத்தம் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வெஸ்டர்ன் சேணம் என்றால் அது ஒன்றே 12 முதல் 20 கிலோ வரும். அதன் அடிப்பரப்பு அகலம் என்பதால் சுமை பரவலாக இறங்கும் என்பது சரிதான். ஆனால் அப்படிக் கிடைக்கும் லாபத்தில் ஒரு பங்கை அதன் சொந்த எடையே தின்றுவிடும்.

இரண்டாவது தவறு, குதிரையின் எடையைக் கண்ணால் மதிப்பிடுவது. எடை மேடை இல்லாத இடத்தில் ஒரு தையல் டேப் போதும். குதிரையைச் சமதரையில் நாலு காலும் நேராக ஊன்றி நிற்க வையுங்கள். தோள்மேட்டுக்கு, அதாவது கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் மேடாக நிற்கும் பகுதிக்குச் சற்றுப் பின்னால் தொடங்கி, முன்னங்காலின் முழங்கைக்கு, அதாவது கால் உடம்போடு சேரும் மூட்டுக்குப் பின்புறமாக நெஞ்சைச் சுற்றி அளக்க வேண்டும். மூச்சு விட்ட நொடியில் அளவைப் படியுங்கள். பிறகு தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனை வரை நீளம். இதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவராக அளந்தால் டேப் வயிற்றோடு வளைந்து நீளம் கூடிவிடும். இரண்டும் சென்டிமீட்டரில். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் கிலோ வரும். வளர்ந்த குதிரைக்கு மட்டுமே இது பொருந்தும். குட்டிக்கும் சினைக்கும் பொருந்தாது.

சுற்றளவு 190, நீளம் 160 உள்ள ஒரு காப் (கட்டையான, திடமான உடல்வாகு) குதிரையைப் பாருங்கள். 190 × 190 × 160 ÷ 11,877 = 486 கிலோ. இதில் 20 சதவீதம் 97. சாமான்கள் 12 கிலோ போனால் 85, அதாவது 13 ஸ்டோனுக்குச் சற்று மேல். பல பள்ளிகள் சொல்லும் எண் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. சுற்றளவை 5 சென்டிமீட்டர் கூட்டி 195 என்று எடுத்துவிட்டால் குதிரை 512 கிலோ ஆகிவிடும், ஏறுபவருக்கு இல்லாத 5 கிலோ கிடைத்துவிடும். அதனால் மூன்று தடவை அளந்து சராசரி எடுப்பதுதான் நல்லது.

மூன்றாவது தவறுதான் அதிகம் நடப்பது: கொழுத்த குதிரையைப் பலசாலி என்று எண்ணுவது. அதே 486 கிலோ காப் இருக்க வேண்டிய எடை 440 என்று வையுங்கள். காப், போனி (மட்டக் குதிரை) வகைகள் நல்ல புல்லைப் பார்த்தாலே சதை போடும், ஆகவே இது அபூர்வமும் இல்லை. அப்போது கணக்கு 440-இலிருந்து தொடங்க வேண்டும். 88-இல் 12 போனால் 76. மிச்சமுள்ள 46 கிலோ கொழுப்பை அது ஏற்கெனவே இரவும் பகலும் சுமந்துகொண்டுதான் இருக்கிறது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், விரலால் லேசாக அழுத்தினால் தட்டுப்பட வேண்டும். அழுத்தி அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை மேடை காட்டும் எண்ணை நம்பிச் சதவீதம் போடாதீர்கள்.

சரி, எல்லாக் குதிரைக்கும் 20 பொருந்துமா? 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் எட்டு ஐஸ்லாந்துக் குதிரைகளுக்கு 20-இலிருந்து 35 சதவீதம் வரை சுமை ஏற்றி, ரத்தத்தில் லாக்டேட் எப்போது லிட்டருக்கு 4 மில்லிமோலைத் தாண்டுகிறது என்று பார்த்தார்கள். தசை போதிய ஆக்சிஜன் இல்லாமல் உழைக்கத் தொடங்குவதன் அடையாளம் அது. சராசரி 22.7 சதவீதம். ஆனால் குதிரைக்குக் குதிரை 17-இலிருந்து 27.5 வரை விலகியது. சராசரியைவிட இந்த விலகல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எந்தக் குதிரை 17, எது 27 என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாதபோது, புதியவருக்கு 17-ஐ வைத்துக் கணக்குப் போடுவதுதான் நியாயம். அதே 486 கிலோ காப்புக்கு 17 சதவீதம் 82.6. சாமான் போக 70 கிலோ சொச்சம், 11 ஸ்டோன். பல பள்ளிகள் 'தொடக்கநிலையினருக்கு 11 ஸ்டோன், அனுபவமுள்ளவர்களுக்கு 13' என்று இரண்டு வரம்பு வைப்பது ஓரவஞ்சனை அல்ல.

ஏன் புதியவருக்குக் குறைவு? எடை மேடையில் நிற்கும் எடை வேறு, ஓடும் குதிரை முதுகில் இறங்கும் எடை வேறு. நடையில் சேணத்தின் கீழ் உச்ச விசை ஏறுபவரின் எடையைப் போல ஏறத்தாழ 1.2 மடங்கு. ட்ராட்டில் (துள்ளித் துள்ளிப் போகும் மெல்லோட்டம்) இரண்டரை மடங்கு, கேண்டரில் (அதைவிட வேகமான பாய்ச்சல்) மூன்றை நெருங்கும். 70 கிலோக்காரர் ட்ராட்டில் ஒவ்வோர் அடிக்கும் 175 கிலோ அளவுக்கு இறங்குகிறார். ட்ராட்டில் சேணத்தைவிட்டு எழுந்து, முழங்காலிலும் கணுக்காலிலும் அதிர்வை வாங்கிக்கொண்டு நிற்பவரின் உச்ச விசை, உட்கார்ந்தே போகிறவரைவிடத் தெளிவாகக் குறைவு. புதியவருக்கு அந்தக் கால் இன்னும் வந்திருக்காது. துள்ளி விழுவார், ஒரு பக்கம் சாய்வார், லகானைப் பிடித்துத் தொங்குவார். அரிசி மூட்டை கூட அசையாமல் இருக்கும், அந்த வகையில் மூட்டை மேல். குதிரைக்கு 85 கிலோ நல்ல சவாரிக்காரர் 70 கிலோ புதியவரைவிட லேசாகத் தெரியலாம். ஆனால் இதைச் சாக்காக வைத்து 110 கிலோவை ஏற்ற முடியாது. நல்ல உட்கார்வு விசையைக் குறைக்குமே தவிர எடையை அழிக்காது.

2018-இல் முடிவு வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்று இந்தப் பேச்சையெல்லாம் கலக்கியது. ஆறு குதிரைகள், நான்கு சவாரிக்காரர்கள்: ஏறக்குறைய 61, 78, 91, 142 கிலோ. குதிரை நொண்டினாலோ, வலிக்கான நடத்தைகள் அதிகமானாலோ சவாரியை உடனே நிறுத்திவிடுவது என்று விதி. கனமான இருவரின் சவாரிகள் எல்லாமே பாதியில் நின்றன, பெரும்பாலும் தற்காலிக நொண்டலால். செய்தித்தாள்கள் 'குண்டானவர்கள் குதிரை ஏறக்கூடாது' என்று எழுதித் தள்ளின. கவனிக்க வேண்டியது வேறு. 91 கிலோக்காரர் குதிரை எடையில் 15 முதல் 18 சதவீதம்தான் இருந்தார். அதாவது 20-க்குள். பிறகு ஏன்? சேணம் அவர்களுக்கு அளவாக இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். மிகக் கனமானவர் சேணத்தின் பின்விளிம்பிலேயே உட்கார வேண்டியிருந்தது.

இது பள்ளிகளில் தினமும் நடக்கிறது. ஏறுபவருக்குத் தொடை நீளம், உட்காரும் அகலம் அதிகம் என்றால் 17 அங்குலச் சேணம் போதாது, 18 வேண்டும். சரியாக உட்கார்ந்த பின் பின்னால் நாலு விரல் இடம் மிஞ்ச வேண்டும். இடம் இல்லையென்றால் எடை முழுக்கப் பின்விளிம்புக்குப் போய், சேணத்தின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். பெரிய சேணம் போட்டுவிடலாமே என்றால் அதற்குக் குதிரையின் முதுகு விட வேண்டும். கடைசி விலா எலும்பை விரலால் தேடி, அதைப் பிடித்துக்கொண்டே மேலே முதுகெலும்பு வரை போங்கள். அதுதான் பதினெட்டாவது, அதாவது கடைசி, மார்பு முதுகெலும்பின் இடம். சேணத்தின் அடி அதற்கு முன்பே முடிய வேண்டும், அதற்குப் பின்னால் எடையைத் தாங்க விலா எலும்புக்கூடு இல்லை. முதுகு குட்டையான போனிக்கு 18 அங்குலச் சேணம் வைத்தால் அது இந்தக் கோட்டைத் தாண்டிவிடும். ஆக, 80 கிலோ எடையுள்ள உயரமான ஒருவரை, எடைக் கணக்கு சரியாக வந்தாலும், அந்தக் குதிரையில் ஏற்ற முடியாது. பள்ளி உங்கள் உயரத்தையும் கேட்பது இதற்காகத்தான்.

சேணம் இறுக்கமாக இருக்கிறதா, இன்னொரு மெத்தையைப் போடுவோம் என்பது சிலரது வைத்தியம். அளவான செருப்புக்குள் இரண்டு காலுறை போடுவது போல. கனமானவர்கள் அடிக்கடி ஏறும் சேணத்தில் கம்பளி அடைப்பு சீக்கிரம் தட்டையாகும், ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது சேணக்காரரிடம் காட்டி நிரப்ப வேண்டும்.

எந்தக் குதிரை நன்றாகச் சுமக்கும்? ஒஹாயோ ஆய்வில் இடுப்புக்கு முன்னால் முதுகு அகலமாகவும், முழங்காலுக்குக் கீழே கால் எலும்பு தடிமனாகவும் இருந்த குதிரைகளுக்கு வலி குறைவாக இருந்தது. குட்டை முதுகு, அகல இடுப்பு, தடித்த கால்: ஹைலேண்ட் போனி, வெல்ஷ் காப், ஐரிஷ் டிராஃப்ட் கலப்பு எல்லாம் இந்த வார்ப்பு. 800 கிலோ வண்டிக் குதிரை 160 கிலோ சுமக்கும் என்று கணக்குப் போடுவது மட்டும் கூடாது. அது இழுப்பதற்காக வளர்க்கப்பட்ட உடல், தன் எடையையே மூட்டுகளால் தாங்கிக்கொண்டு நிற்கிறது. முதுகும் பெரும்பாலும் நீளம். உடம்பு பெரிதாகப் பெரிதாகச் சதவீதத்தைக் குறைத்துக்கொண்டே போவதுதான் பாதுகாப்பு.

நம் ஊர் நிலைமை இன்னும் இறுக்கமானது. சென்னை, பெங்களூருப் பள்ளிகளில் இருப்பவற்றில் நிறைய, பந்தயத்திலிருந்து விலக்கப்பட்ட தரோபிரெட்கள். எடை 450, 500 வரும், ஆனால் முதுகு குறுகல், தோள்மேடு உயரம், கால் எலும்பு மெலிவு, சிலவற்றுக்குப் பந்தய காலத்துத் தசைநார்க் காயமும் உண்டு. அவற்றுக்கு 20 சதவீதம் தாராளம், 15-ஐச் சுற்றி நிற்பது நல்லது. அதோடு ஈரப்பதம் சேர்ந்த வெயில். வியர்வை காயாத நாளில் உடல் சூடு இறங்காது. ஓய்வில் குதிரையின் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. வகுப்பு முடிந்து பத்து நிமிடம் நிழலில் நடத்திய பிறகு, இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். 64-க்குக் கீழே வரவில்லை என்றால் சுமையோ வேலையோ வெயிலோ அதிகம். அடுத்த வகுப்புக்கு அந்தக் குதிரை வேண்டாம்.

ஊட்டி, கொடைக்கானல் ஏரிக்கரையில் அப்பாக்களை ஏற்றிக்கொண்டு நடக்கும் மட்டக் குதிரைகளுக்கும் இதே கணக்குதான். 220 கிலோ போனி என்றால் ஐந்தில் ஒரு பங்கு 44, சேணம் போனால் ஒரு பத்து வயதுப் பிள்ளை. கிரீஸில் சாண்டோரினித் தீவின் கழுதைகளுக்காக எழுந்த சத்தத்துக்குப் பிறகு 2018-இல் அந்நாட்டு அரசு 100 கிலோ அல்லது உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்று வரம்பு வைத்தது. 100 கிலோ சுமக்கும் கழுதை 500 கிலோ இருக்க வேண்டும். அப்படிக் கழுதை கிடைப்பது அரிது என்பதால், இந்த விதியில் உண்மையில் பயன்படும் பகுதி அந்த ஐந்தில் ஒரு பங்குதான்.

பள்ளி நடத்துபவர்கள் எடையோடு வேலை நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நாளுக்கு மூன்று வகுப்பு போகும் குதிரைக்கு மூன்றிலும் வரம்பை ஒட்டிய ஆள் என்பது வரம்பை மீறுவதற்குச் சமம். கனமான வகுப்பு ஒன்று, மிச்சம் இரண்டும் லேசானவர்கள் என்று பிரியுங்கள். பதிவேட்டில் குதிரையின் பெயருக்கு எதிரே அதன் வரம்பைக் கிலோவில் எழுதிவைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி அளந்து மாற்றுங்கள். ஏறுபவரின் எடையை பூட்ஸ், ஹெல்மெட்டோடு அலுவலக அறைக்குள் எடுங்கள், மற்ற மாணவர்கள் முன்னால் வேண்டாம்.

ஏறும்போது கட்டாயம் படி வைத்து ஏற வேண்டும், எடை எதுவானாலும். தரையிலிருந்து இடது அங்கவடியை மிதித்து ஏறினால் சேணம் இடப்பக்கம் இழுபட்டு, தோள்மேட்டின் வலப்பக்கத்தில் அழுந்துகிறது. ஒரு வகுப்பில் பத்து பேர் ஏறி இறங்கிப் பழகும் குதிரைக்கு இது பத்துத் தடவை. இடது அங்கவடி வார் நீண்டுபோவதும் இதனால்தான், வாரம் ஒரு முறை இடம் வலம் மாற்றிப் போடுங்கள்.

சுமை மிஞ்சியதைக் குதிரை சொல்லிவிடும். ஏறும்போது நகரும், வாரை இறுக்கும்போது கடிக்க வரும், காதைப் பின்னால் மடக்கும், வாலை அடித்துக்கொண்டே இருக்கும், கேண்டரில் தவறான காலில் கிளம்பும், கால் தடுக்கித் தடுமாறும். இவற்றைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு சாட்டையை எடுக்கும் பயிற்றுநர்கள்தான் அதிகம். மறுநாள் காலை, சேணம் போடும் முன், முதுகெலும்பின் இருபுறமும் நாலு விரலால் தோள்மேட்டிலிருந்து இடுப்பு வரை சீராக அழுத்திக்கொண்டு போங்கள். முதுகைத் தாழ்த்தி நழுவினால், தசை துடித்தால், அன்று அதற்கு விடுமுறை.

புதிய பள்ளி தேடுபவர்கள் வகுப்பு முடிந்து சேணம் இறக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். நனைந்த முதுகில் நடுவே மட்டும் காய்ந்த திட்டு இருந்தால் அந்த இடத்தில் அழுத்தம் மிஞ்சியிருக்கலாம். தோள்மேட்டின் இருபுறமும் காசளவு வெள்ளை முடி இருந்தால் அங்கே என்றோ புண் ஆகி ஆறியிருக்கிறது. ஒரு குதிரைக்கு இருந்தால் பழைய முதலாளியின் வேலையாக இருக்கலாம். நாலைந்துக்கு இருந்தால் வேறு பள்ளி பாருங்கள்.