கல்யாணக் கேசட்டிலிருந்து ஒரு நிமிடம்

அக்காவுக்குக் கல்யாணமானது 1999 ஆவணியில். 2024இல் இருபத்தைந்தாவது கல்யாண நாள் வந்தபோது அக்காவும் மாமாவும் டொரண்டோவில், அம்மா பல்லடம் பக்கம் எங்கள் ஊரில், நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில். ஒன்றாகக் கூடுவதற்கு வழியில்லை. அதனால் நம் வீட்டு வீடியோவை உள்ளே வைத்து அனுப்புகிற ஆன்லைன் வாழ்த்து அட்டை ஒன்று செய்யலாம் என்று இறங்கினேன். அந்தத் தளம் கேட்டது மூன்றே மூன்றுதான்: எம்பி4 கோப்பாக இருக்க வேண்டும், 60 நொடிக்குள் இருக்க வேண்டும், 100 எம்பியைத் தாண்டக் கூடாது. இதை முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. இதேபோல் செய்ய நினைக்கிற யாருக்காவது பயன்படும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

கல்யாணக் கேசட் இரண்டு, அம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்தன. இரண்டுமே இ-180, அதாவது மூன்று மணி நேரம் ஓடுகிற விஎச்எஸ். ஒன்று நன்றாக இருந்தது. இன்னொன்றின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நாடா ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே ஓட்டிப் பார்க்காதீர்கள். அது விசிஆரின் (கேசட்டை ஓட்டுகிற கருவி) ஹெட்டில், அதாவது நாடாவைப் படிக்கிற முனையில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு ஒதுக்கி வைத்தேன்.

நல்ல கேசட்டை முதலில் ஒரு கடையில் கொடுத்துப் பென்டிரைவில் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லோர் முகமும் அகலமாக இருந்தது. பழைய டிவியின் 4:3 படத்தை இந்தக் காலத்து 16:9 திரைக்கு இழுத்து நிரப்பியிருந்தார்கள். அக்காவின் முகமே அக்காவின் முகமாக இல்லை. சரி, நாமே செய்துகொள்ளலாம் என்று சித்தப்பா வீட்டுப் பரணில் இருந்த விசிஆரை எடுத்து வந்தேன். புதிதாக வாங்க வழியே கிடையாது. கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. அதனால் யார் வீட்டிலாவது ஓடுகிற விசிஆர் இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட விடாதீர்கள்.

விசிஆருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு யுஎஸ்பி கேப்சர் கருவி. மஞ்சள் ஒயர் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. முதல் தடவை படம் கறுப்பு வெள்ளையில் உருண்டுகொண்டே இருந்தது. கேசட் கெட்டுவிட்டது என்று மனசு உடைந்தது. கடைசியில் பார்த்தால் மென்பொருள் அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் இருந்தது. நம் நாட்டுக் கேசட்டெல்லாம் பால் (PAL) என்ற முறை, நொடிக்கு 25 படம், 576 வரி. அதை மாற்றியதும் மண்டபத்து வாழை மரம் பச்சையாக வந்து நின்றது. நாடா ஓடுகிற வேகத்தில்தான் பதிவாகும், அவசரப்படுத்த முடியாது. மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் உட்கார வேண்டும்.

உட்கார்ந்தேன். நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் யார் வருகிறார்கள் என்று நேரத்தோடு குறித்தேன். இது ரொம்ப முக்கியம். மூன்று மணி நேரத்திலிருந்து நாற்பது நொடி எடுக்க வேண்டுமென்றால் குறிப்பு இல்லாமல் முடியாது. ஆனால் நான் தேடியது ஒரே ஒருவரை. எங்கள் அப்பா 2011இல் தவறிவிட்டார். அவர் குரல் எங்கள் யாரிடமும் எந்த வடிவத்திலும் இல்லை.

அந்தக் காலத்துக் கல்யாண வீடியோவை எடுத்துப் பாருங்கள், முக்கால்வாசி சினிமாப் பாட்டுத்தான் ஓடும். மண்டபத்தில் பேசியது, சிரித்தது எல்லாவற்றையும் அழித்து மேலே பாட்டை ஏற்றிவிடுவார்கள். எங்கள் கேசட்டும் அப்படித்தான். பந்தி, மாலை மாற்றுவது, பெண் அழைப்பு, எல்லாம் பாட்டு. மங்கல வாழ்த்துப் பாடுகிற பகுதியில் மட்டும் அசல் சத்தத்தை விட்டு வைத்திருந்தார் வீடியோக்காரர். அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். பாட்டு தொடங்குவதற்குச் சற்று முன்னால் கேமரா மெல்லத் திரும்புகிறது. தோளில் துண்டோடு அப்பா. கேமரா தன்னைப் பார்ப்பது தெரிந்ததும் ஒதுங்கி, கையை மறித்துக் காட்டிச் சொல்கிறார்: "என்னைய வேண்டாங்க தம்பி, புள்ளையப் புடிங்க."

அவ்வளவுதான். ஆறு நொடி. மூன்று மணி நேரக் கேசட்டில் அப்பா நான்கு இடத்தில்தான் வருகிறார், எல்லாமே ஓரத்தில். ஏன் என்று அந்த ஆறு நொடியில் தெரிந்தது. அட்டையின் முதல் துண்டு அதுதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இந்தத் துண்டுக்குச் செய்த வேலைகள் இவை. பழைய வீடியோவில் ஒரு படத்தின் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் வேறு வேறு நொடித்துளியில் பதிவானவை. கம்ப்யூட்டரில் பார்த்தால் அசைகிற கை சீப்புப் பல்லாகத் தெரியும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் டீஇன்டர்லேஸ் செய்தால் சரியாகிவிடும். படத்தின் அடியில் நடுங்கிக்கொண்டிருக்கும் சில வரிகளை வெட்டினேன். 4:3 படத்தை இழுக்காமல், இரண்டு பக்கமும் கறுப்பாக விட்டேன். சத்தத்துக்கு ஆடாசிட்டி என்ற இன்னொரு மென்பொருள். நாடாவின் இரைச்சல் மட்டும் கேட்கிற ஒரு இடத்தை மாதிரியாகக் கொடுத்தால் அதை மட்டும் குறைக்கும். முதலில் ஆசைப்பட்டு நிறையக் குறைத்தேன், அப்பா தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிட்டது. 6 டெசிபெல் மட்டும் குறைத்தபோது கொஞ்சம் இரைச்சல் இருந்தது, ஆனால் குரல் அப்பாவுடையதாக இருந்தது. இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து அம்மா. எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறி. விடிந்ததிலிருந்து டகடகவென்று ஓடும். எங்களுக்குக் காது பழகிவிட்டது, ஃபோன் மைக்குக்குப் பழகவில்லை. ஒரு தடவை எடுத்துக் கேட்டேன், அம்மா வாய் அசைகிறது, தறிதான் பேசுகிறது. என்னிடம் இருந்த மென்பொருளால் அதை எடுக்க முடியவில்லை. அதனால் மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாள் வரைக்கும் காத்திருந்தேன். காலை ஒன்பது மணிக்கு ஊரே அமைதியானது. காக்காய் கத்துவது கேட்டது. அம்மாவைத் திண்ணையில் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார வைத்தேன்.

"பேசுங்கம்மா."

"ஏங்கண்ணு, இப்பவே அவளுக்குக் கேக்குதா?"

"இல்லீங்கம்மா, அப்புறமாத்தான் கேக்கும். நீங்க பேசுங்க."

அம்மா ஃபோனைப் பார்த்து, "அம்மிணி, நல்லா இருக்கியா? சாப்புட்டியா?" என்றார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார். நான்கு நொடி இருக்கும். அக்கா ஏதோ சொன்னது போலத் தலையை ஆட்டிவிட்டு, "மாப்பிள்ளையையும் கேட்டதாச் சொல்லு" என்று முடித்தார்.

அவசரத்தில் ஃபோனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்துவிட்டேன். படுக்கை வாட்டத்தில் இன்னொரு தடவை எடுத்தேன். இரண்டாவது தடவை அம்மா ஒப்பிப்பதுபோலப் பேசினார், காத்திருக்கவில்லை. அதை விட்டுவிட்டு முதலில் எடுத்ததையே வைத்தேன். பக்கவாட்டில் இடம் காலியாக இருந்தால் என்ன, அம்மா அதில்தான் அம்மாவாக இருந்தார். நீங்கள் எடுக்கும்போது ஃபோனைப் படுக்க வைத்து எடுங்கள். ஆனால் ஒரு தடவை நன்றாக வந்துவிட்டால், வாட்டம் சரியில்லை என்று தூக்கிப் போடாதீர்கள்.

ஒட்டும்போது இரண்டு சிக்கல் வந்தது. ஃபோன் வீடியோவில் நொடிக்கு எத்தனை படம் என்பது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதை அப்படியே எடிட்டிங்கில் போட்டால் போகப் போக வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் ஆகிவிடும். ஹேண்ட்பிரேக்கில் நொடிக்கு 25 படம் என்று நிலையாக மாற்றியபின் சரியானது. கேசட்டும் 25தான், இரண்டும் பொருந்திவிட்டன. இன்னொன்று, ஃபோன் வீடியோவைச் சோதனைக்காக நேராக அட்டையில் ஏற்றிப் பார்த்தபோது அம்மா பக்கவாட்டில் படுத்திருந்தார். ஃபோன் படத்தைத் திருப்புவதில்லை, "திருப்பிக் காட்டு" என்று ஒரு குறிப்பை மட்டும் எழுதி வைக்கிறது. அந்தக் குறிப்பைச் சில தளங்கள் படிப்பதில்லை. ஒரு தடவை மறுபடி எம்பி4 ஆக மாற்றினால் படமே நேராகிவிடும்.

எடிட் செய்யும்போது அந்த நான்கு நொடி மௌனத்தை வெட்டத்தான் கை போனது. 60 நொடிக்குள் அடக்க வேண்டுமே. அதற்குப் பதிலாக நான் பேசிய வாழ்த்தை வெட்டினேன். அதில் எல்லோரும் சொல்வதுதான் இருந்தது.

அளவுக் கணக்கு எளிது. நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதை நொடிகளால் பெருக்கி எட்டால் வகுத்தால் எம்பி வரும். முதலில் 45 மெகாபிட்டில் ஏற்றுமதி செய்தேன், 60 நொடிக்கு 337 எம்பி. 5 மெகாபிட்டாகக் குறைத்தேன், 37.5 எம்பி. கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. 576 வரிக் கேசட்டுக்கு 2160 வரி உள்ள 4கே எதற்கு? 720 வரி உள்ள 720பி போதும்; படத்தைச் சுருக்க எச்.264 முறை, சத்தத்தைச் சுருக்க ஏஏசி முறை. ஹேண்ட்பிரேக்கில் 'வெப் ஆப்டிமைஸ்டு' என்று இருப்பதை டிக் செய்தால், முழுதும் இறங்குவதற்கு முன்பே அட்டையில் ஓடத் தொடங்கும். வீட்டுக்குள் கோப்பை ஒருவருக்கொருவர் அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் அது சுருக்கிவிடும்.

ஊரில் சாயங்காலம் நெட் இழுக்காது. இரண்டு தடவை பாதியில் நின்றது. விடிகாலை ஐந்து மணிக்கு ஏற்றினேன், மூன்று நிமிடத்துக்குள் போய்விட்டது. அனுப்புவதற்கு முன்னால் பக்கத்தை அடி வரைக்கும் படித்தேன். 'பொதுக் காட்சியில் சேர்க்கலாம்' என்ற பெட்டியில் ஏற்கெனவே டிக் இருந்தது, எடுத்துவிட்டேன். ஃபோன் வீடியோவில் எடுத்த இடம் பதிவாகியிருக்கும், அதையும் நீக்கியிருந்தேன். செப்டம்பரில் டொரண்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். இங்கே மாலை 4.30 என்று வைத்தால் அங்கே காலை 7 மணி.

4.40க்கு அக்கா கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்பா குரல் இப்படியா இருந்துது, எனக்கு மறந்தே போச்சுடா" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா சாப்புட்டியான்னு கேட்டதும், இன்னும் இல்லைங்கம்மான்னு சொல்லிட்டேன். அம்மாவும் தலைய ஆட்டுனாங்க" என்றாள்.

அட்டை அந்தத் தளத்தில் ஓராண்டுதான் இருக்கும் என்பதால், கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். கேசட்டிலிருந்து எடுத்த முழுப் பதிவையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஒன்றை அம்மாவின் பீரோவில் வைத்திருக்கிறேன். பூஞ்சை பிடித்த கேசட் இன்னும் டப்பாவில் இருக்கிறது. அதைத் திறந்து சுத்தம் செய்யத் தெரிந்த ஒருவரைக் கோவையில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.